பூஜ்யத்துக்கு ஒரு சொல்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் டெல்லி கரோல் பாகில் ஒரு தமிழ் அமைப்பின் மாடி அறையில் உட்கார்ந்து, பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியைப் புதிதாகப் படிப்பவர்களின் சந்தேகங்களைத் தீர்த்துக்கொண்டிருந்தேன். பாடம் நடத்துவதில்லை. அவரவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், சிவப்பு எழுத்தில் பிழை வந்த இடத்தைக் காட்டுவார்கள், நான் பார்த்துச் சொல்வேன். வாரம் முழுக்க நொய்டாவில் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு ஞாயிறும் அதுவா என்று வீட்டில் கேட்டார்கள். எனக்குப் பொறுமை கிடையாது என்பதும் வீட்டுக்குத் தெரியும். ஆனாலும் போனேன். தெரியாது என்று வாய்விட்டுச் சொல்கிற மனிதர்களை எனக்குப் பிடிக்கும். அலுவலகத்தில் அப்படி ஒருவரைப் பார்ப்பது அபூர்வம்.

வருகிற பிழைகள் பெரும்பாலும் ஒரே ரகம். வரிக்கு முன்னால் இடம் விட மறந்திருப்பார்கள், அல்லது விடக்கூடாத வரியில் விட்டிருப்பார்கள். அடைப்புக்குறியைத் திறந்துவிட்டு மூடாமல் போயிருப்பார்கள். கேட்டால், "நான் ஒண்ணுமே பண்ணல மேம், அதுவா வந்துச்சு" என்பார்கள். அதுவாக எதுவும் வராது என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

அந்த அறைக்குத்தான் அவர் வந்தார். மத்திய அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வுபெற்றவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். வேலைக்காக டெல்லி வந்து இங்கேயே நரைத்துவிட்டாலும் பேச்சில் ஊர் அப்படியே இருந்தது, நடுவில் ஒரு இந்தி 'அச்சா' மட்டும் சேர்ந்திருந்தது. முதல் நாள் அவர் காட்டிய புரோகிராமைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முதல் வரிக்கு எண் இல்லை. இரண்டாவது வரியிலிருந்து 2, 3, 4 என்று ஒவ்வொரு வரிக்கும் எண் போட்டிருந்தார்.

"என்ன அங்கிள் இது?"

"நோட் அப்படித்தானம்மா போடணும்? முதல் பாராவுக்கு நம்பர் கெடயாது."

அரசாங்கக் கோப்பில் குறிப்பு எழுதுகிற முறையாம். பைத்தானுக்கு அந்த முறை தெரியாது, எண்களை எடுத்துவிடுங்கள் என்றேன். எடுத்தார். ஆனால் ஒவ்வொன்றையும் அழிப்பதற்கு முன்பு என் முகத்தைப் பார்த்து அனுமதி வாங்கிக்கொண்டார். இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. நல்லவேளை, கேட்கவில்லை.

ஒருநாள் எல்லோரும் போன பிறகு அவரே சொன்னார். மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. இடது கை அசைகிறது. பேச்சு போய்விட்டது, எழுதவும் வரவில்லை, எழுத்தைக் காட்டினாலும் படிக்க முடியவில்லை.

"அவளுக்கு எல்லாம் புரியுதும்மா. பேச்சுதான் வரமாட்டேங்கு. என்னத்த கேக்கான்னு தெரியாம, தண்ணி கேட்டா நான் கஞ்சியக் குடுக்கேன். பக்கத்துலயே இருந்துக்கிட்டு இப்படி ஒரு தப்பு பண்ணலாமா?"

எண்கள் மட்டும் இருக்கும் சின்ன கீபோர்டு ஒன்றை வாங்கி வைத்திருந்தார். ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஒவ்வொரு பட்டன் மேலும் ஒரு படம் ஒட்டுவது, மனைவி அதைத் தொட்டால் கம்ப்யூட்டர் அந்தச் சொல்லைப் பேசுவது. அவ்வளவுதான் அவர் கேட்டது. மொபைலில் இதற்கெல்லாம் செயலிகள் உண்டு என்றேன். அவள் விரலுக்குத் தொடுதிரை சரிப்படவில்லை, அழுத்தினால் அழுந்துகிற பட்டன்தான் வேண்டும் என்றார். அதோடு, இதை வேறு யாரோ செய்து கொடுப்பதில் அவருக்கு விருப்பமில்லை.

அன்றிலிருந்து நான் சிரிப்பதை விட்டேன். எண்ணையும் சொல்லையும் ஜோடி சேர்த்து வைப்பதைக் கற்றுக்கொடுத்தேன். முதலில் எந்தப் பட்டனைத் தட்டினாலும் KeyError என்று வந்து நின்றது. எல்லோரும் விழுகிற குழிதான். பட்டனிலிருந்து வருவது எழுத்தாக வருகிற '1', அவர் எழுதி வைத்திருந்தது எண்ணாகிய 1. நமக்கு இரண்டும் ஒன்று, பைத்தானுக்கு வேறு வேறு. "கேட்ட பேர்ல என்கிட்ட ஒண்ணும் இல்லைன்னு சொல்லுது, அவ்வளவுதான் இந்தப் பிழைக்கு அர்த்தம்" என்று விளக்கினேன். "அச்சா, ரெக்கார்டுல இல்லங்குது" என்று புரிந்துகொண்டார்.

பிறகு குரல். அவரே பதிவு செய்து கொண்டுவந்திருந்தார். ஒன்றைத் தட்டினால், "எனக்குக் குடிநீர் தேவைப்படுகிறது" என்றது. ஆன்ட்டி இப்படியா பேசுவார் என்று கேட்டேன்.

"நீயே பேசிக் குடும்மா. பொம்பளக் குரலா இருந்தா நல்லாருக்கும்."

"ஆன்ட்டி உங்கள எப்படிக் கூப்பிடுவாங்க?"

அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏங்கன்னு கூப்பிடுவா" என்றார். நான் அந்த மாடி அறையின் கதவைச் சாத்திவிட்டு, 'ஏங்க, தண்ணி வேணும்', 'ஏங்க, போர்வை வேணும்' என்று ஒன்பதையும் பேசிக் கொடுத்தேன்.

இரண்டு வாரம் அவர் வரவில்லை. பிறகு போன் செய்தார். எல்லாம் நன்றாக வேலை செய்ததாம், மனைவி தண்ணீர் கேட்டாளாம், ஃபேனை நிறுத்தச் சொன்னாளாம். இப்போது திரும்பவும் KeyError வருகிறது, பூஜ்யத்துக்கு வருகிறது என்றார். பூஜ்யத்தில் படமும் இல்லை, சொல்லும் இல்லை. விரல் தவறிப் படுகிறது, விடுங்கள், தெரியாத பட்டன் என்றால் சும்மா இருக்கும்படி இரண்டு வரி எழுதிவிடலாம் என்றேன். யார் கேட்டாலும் நான் சொல்கிற பதில் அது.

"வந்த தபாலுக்குப் பதில் போடாம இருக்கக்கூடாதும்மா. நீ ஒருவாட்டி வந்து பாரேன்" என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் போனேன். மெட்ரோ பாதையைப் பார்த்த இரண்டாம் மாடி. வெளியே நவம்பர் புகைமூட்டம், அதனால் ஜன்னல்களெல்லாம் சாத்திக் கிடந்தன. ஆன்ட்டி நாற்காலியில் தலையணைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பலகை, அதன் மேல் கீபோர்டு. என்னைப் பார்த்ததும் ஒருபக்க முகத்தால் சிரித்தார். இரண்டாவது பட்டனைத் தொட்டார். "ஏங்க, டீ வேணும்" என்று என் குரல் சொன்னது. எனக்குத்தான் டீ போடச் சொல்கிறார். பெரியவர் பெருமையோடு அடுப்படிக்குப் போனார்.

டீ குடிக்கும்போது வெளிநாட்டிலிருந்து மகன் பேசினான். பெரியவர் போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். குர்காவில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் அம்மாவுக்கு இடம் கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் சேர்த்துவிடலாம், நோயாளிகள் மட்டும்தான் அங்கே தங்க முடியும், அப்பா வாரம் ஒருமுறை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றான். கெட்டவன் இல்லை. குரலில் கவலை இருந்தது. பெரியவரும், "சரிப்பா, அங்க நர்ஸ் இருப்பாங்க, என்னால தூக்கிப் பிடிக்க முடியல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆன்ட்டியின் இடது கை மெதுவாக நகர்ந்து பூஜ்யத்தின் மேல் போனது. அழுத்தியது. திரையில் சிவப்பு எழுத்து வந்து புரோகிராம் நின்றது. பெரியவர் பேசிக்கொண்டே அதை மறுபடி ஓடவிட்டார். திரும்பவும் பூஜ்யம். திரும்பவும் சிவப்பு.

விரல் தவறவில்லை. நான் ஆன்ட்டியின் முகத்தைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். லேப்டாப்பை என் பக்கம் இழுத்து, பெரியவர் எழுதி வைத்திருந்த சொற்களைப் படித்தேன். தண்ணி வேணும், டீ வேணும், மாத்திரை வேணும், போர்வை வேணும். ஃபேனை நிறுத்தணும் என்பது ஒன்று. பாத்ரூம் போகணும் என்பது ஒன்று. அவளுக்கு என்னவெல்லாம் தேவைப்படும் என்று ராத்திரி பகலாக யோசித்திருக்கிறார், ஒன்றைக்கூட விடவில்லை.

அவர் போனை வைத்ததும், "அங்கிள், இதுல 'வேண்டாம்' எங்க?" என்று கேட்டேன்.

அவருக்குப் புரியவில்லை. திரையை உற்றுப் பார்த்தார்.

"ஆன்ட்டிக்கு எதாவது பிடிக்கலன்னா என்ன பட்டன அழுத்துவாங்க?"

சொற்களை மேலிருந்து கீழ்வரை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஆபீஸ்ல கீழ இருந்து போற ஃபைல்ல வேண்டாம்னு எழுதுத வழக்கம் இல்லம்மா. இது இது வேணும்னு எழுதி ஒப்புதலுக்கு அனுப்புவோம். வேண்டாங்கது எப்பவும் மேல இருந்துதான் வரும்." மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "வீட்டுலயும் இவ அப்படிச் சொல்லி நான் பாத்ததே இல்ல. நானும் கேட்டதில்ல."

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. கூடவே, அந்த மனிதரை அப்படியே கட்டிப்பிடித்து அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் என் மொபைலை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், ஒரே ஒரு சொல்லைப் பதிவு செய்தேன். பூஜ்யத்துக்கு ஒரு வரி சேர்க்க வேண்டியதுதான் பாக்கி. அவரையே எழுதச் சொன்னேன். இந்தமுறை அவர் என் முகத்தைப் பார்த்து அனுமதி கேட்கவில்லை.

புரோகிராமை ஓடவிட்டு, நாற்காலியை இழுத்து மனைவிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். அவள் கையைப் பிடிக்கப் போனவர், பட்டனை அழுத்தக் கை வேண்டுமே என்று விட்டுவிட்டார்.

"அந்த குர்காவ் ஹோமுக்குப் போறியா? அங்க நல்லாப் பாத்துப்பாங்க. நான் வந்து வந்து பாப்பேன்."

ஆன்ட்டி பூஜ்யத்தை அழுத்தினார்.

"ஏங்க, வேண்டாம்."

குரல் என்னுடையது, ஆனால் என்னால் அதைத் தாங்க முடியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் இன்னொரு தடவை, இன்னும் மெதுவாக, என்னால தூக்க முடியலயே, கீழ போட்டுட்டா என்ன செய்ய என்று கேட்டார். மறுபடி அதே பதில் வந்தது.

பெரியவர் எழுந்து மகனைக் கூப்பிட்டார். ஆள் வச்சுக்கலாம், அம்மா இங்கதான் இருப்பா, அவ வேண்டாம்னு சொல்லிட்டா என்றார். அந்தப் பக்கம் மகன் பதறுவது எனக்கே கேட்டது. அம்மா எப்படிப்பா சொல்லியிருக்க முடியும், உங்களுக்கு என்ன ஆச்சு என்று கத்தினான்.

"சொல்லிட்டாடா" என்றார் அவர். "என் காதால கேட்டேன்."