டெய்லரம்மாவின் கேரியர்

டெய்லரம்மாவுக்குக் கடல் பைத்தியம் பிடித்தது ஐம்பதைத் தாண்டிய பிறகுதான். அவளுடைய நாத்தனார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், கணவனோடு சர்ஃப் போர்டைத் தூக்கிக்கொண்டு அலைமேல் சவாரி செய்யப் போய்விடுவாள். ஒருநாள், "துண்டைப் பிடிச்சுக்கிட்டு கரையில உட்கார ஒரு ஆள் வேணும், வாங்கண்ணி" என்று இவளையும் இழுத்துப்போனாள். துண்டு பிடிக்கப் போனவள் முதலில் கணுக்கால்வரை நனைந்தாள், பிறகு இடுப்புவரை, பிறகு தலையோடு கால். வீடு திரும்பும்போது காதெல்லாம் மணல், வாயெல்லாம் சிரிப்பு.

அங்கே சர்ஃப் பள்ளி நடத்துகிறவர்களுக்குப் பலகை உறைகள் தைத்துக் கொடுத்தாள். கூலி வேண்டாம், மூலையில் கிடக்கிற அந்தப் பழைய மஞ்சள் பலகையைக் கொடுத்தால் போதும் என்றாள். ஒன்பதடிப் பலகை. தையல் அறையில் அதை நிறுத்தி வைக்கக் கூரை போதவில்லை. வெட்டு மேசைக்கு அடியில் குறுக்கே படுக்கவைத்தாள். அதன் பிறகு அளவு கொடுக்க வருகிற ஒவ்வொருவரும் பலகையைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டியிருந்தது. தாண்டுகிறவர்களிடமெல்லாம் அதன் பெருமையை எடுத்துவிட்டாள். சட்டை வாங்க வந்தவர்கள் கடல் பாடம் கேட்டுவிட்டுப் போனார்கள்.

எல்லாம் சரி, ஒரு குறை மட்டும். பலகை போகவேண்டுமென்றால் நாத்தனார் கணவரின் வேனில்தான் போக வேண்டும். அவரை வீட்டில் எல்லோரும் மாப்பிள்ளை என்பார்கள். பிளம்பர். வேன் தலையில் குழாய் ஏற்றும் இரும்புச் சட்டம் உண்டு, அதில் மூன்று பலகையும் சௌகரியமாக உட்காரும். தங்கமான மனுஷன்தான், ஆனால் பசி தாங்க மாட்டார். வயிறு கிள்ள ஆரம்பித்ததும் கரைக்கு ஏறி, வாயில் இரண்டு விரலை வைத்து ஒரு விசில் அடிப்பார். விசில் கேட்டால் எல்லோரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

டெய்லரம்மாவுக்கு உடம்பு வளைய நேரமாகும். முதல் பாதி முழுக்க உப்புத்தண்ணீர் குடிப்பதிலேயே போய்விடும். பிறகு மெல்ல மெல்லக் கை ஊன்றி, முழங்காலை மடக்கி, இதோ எழுந்துவிட்டேன் என்கிற இடத்துக்கு வரும்போது விசில் பறக்கும். இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட அவள் அலைமேல் நிமிர்ந்து நின்றதில்லை. இன்னும் கொஞ்ச நேரம் கிடைத்தால் நின்றுவிடுவேன் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். அதைப் போய் யாரிடம் சொல்வது? ஓசி வண்டியில் போகிறவள் நேரம் பேச முடியுமா?

வீட்டில் ஒரு சின்னக் கார் இருந்தது. அவள் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். ஞாயிற்றுக்கிழமை ஸ்டீயரிங்கைத் தொட்டால் தோஷம் என்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். டெய்லரம்மாவுக்கு லைசென்ஸ் இருக்கிறது, ஓட்டவும் வரும். கார் தலையில் பலகை ஏற்ற ஒரு கேரியர் வாங்கி மாட்டிவிட்டால் யார் தயவும் வேண்டியதில்லை. ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் இதைச் சொன்னதும் கணவர் கையில் இருந்த கவளம் பாதி வழியில் நின்றது. பெற்ற பிள்ளையைப்போல் துடைத்துத் துடைத்து வைத்திருக்கும் காரின் தலையில் இரும்பா? பெயிண்ட் என்னாவது? ஆனாலும் மனைவி ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள் என்று தெரிந்த மனுஷன், அந்த வாரமே கடைக்குக் கூடவே வந்தார்.

கடையில் விதவிதமாக இருந்தன. முதலில் கடைக்காரப் பெண் காட்டியது கதவு விளிம்பைக் கவ்விப் பிடிக்கிற இரும்புக் கம்பிகள். கணவர் அதைத் தட்டிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார், இதுதான் என்று முடிவே கட்டிவிட்டார். அடுத்தது உறிஞ்சு குமிழ் வைத்தது. கூரையில் அப்படியே அப்பிக்கொள்ளுமாம். நெடுஞ்சாலையில் இதை நம்பிப் போவதற்குப் பலகையைத் தலையில் சுமந்துகொண்டு நடந்தே போய்விடலாம் என்றார். மூன்றாவது, மெத்தென்ற இரண்டு பட்டைத் திண்டுகள். கூரையில் போட்டு, நாடாவைக் கதவு வழியாக உள்ளே விட்டு எடுத்து, பலகைக்கு மேலே கொண்டுவந்து கொக்கியில் இறுக்க வேண்டியதுதான். கணவர் அதைத் தலையணை என்று சொல்லி ஒதுக்கிவிட்டார்.

டெய்லரம்மா விலையைக் கேட்கவில்லை, எடையைக் கேட்கவில்லை. அங்கே நின்ற காட்சிப் பலகை ஒன்றைக் கேட்டு வாங்கி, வாசலில் நின்ற தங்கள் கார் பக்கம் தூக்கிப்போனாள். இரும்புக் கம்பியை மேலே வைத்துப் பார்த்தபோது உயரம் ஒரு சாண் கூடிவிட்டது. அவள் ஆள் குள்ளம். குதிகாலைத் தூக்கி எவ்வளவு எக்கியும் பலகையின் மூக்கு கம்பிக்கு எட்டவில்லை. வழுக்கி வந்து தலையில்தான் உட்கார்ந்தது. திண்டு போட்டுப் பார்த்தாள். காரின் பின்பக்கம் நின்று, மூக்கைப் பின் திண்டில் சார்த்தி, வாலைப் பிடித்துத் தள்ளினாள். பலகை சர்ரென்று முன்னே போய்ப் படுத்துக்கொண்டது. இறக்கினாள், மறுபடி ஏற்றினாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் மூன்றாம் முறையும் ஏற்றினாள்.

கணவர் போனில் மாப்பிள்ளையிடம் யோசனை கேட்டார். இரும்பையே வாங்குங்கள், ஏற்றி இறக்க நான் இருக்கிறேன் என்று மாப்பிள்ளை அன்போடு சொன்னாராம். கணவர் அதை அப்படியே ஒப்பித்தார்.

டெய்லரம்மா பலகையின்மேல் கையை வைத்தபடி சொன்னாள்: "ஏத்தி இறக்க இன்னொரு ஆள் வேணும்னா, அந்த ஆள் கிளம்புற நேரத்துக்குத்தாங்க நானும் கிளம்பணும். அதுக்கு எதுக்குக் கேரியர்?"

கணவர் கடைக்குள் போனார். பிறகு கடைக்காரப் பெண்ணிடம், அந்தத் தலையணையையே கட்டிக் கொடும்மா என்றார்.

வீட்டுக்கு வந்ததும் திண்டை மாட்டி நாடாவை இறுக்கினாள். மிச்ச நாடா காரின் பக்கவாட்டில் தொங்கியது. மற்றவர்களாக இருந்தால் சுருட்டி முடிச்சுப் போட்டிருப்பார்கள். வாழ்நாளெல்லாம் நூல் பிசிறைக் கத்தரித்தே பழகிய கை சும்மா இருக்குமா? சாக்கட்டியால் கோடு போட்டாள், மிச்சத்தை வெட்டினாள், ஓரத்தை மடித்து அடித்தாள். வெட்டிய துண்டில் சாவிக்கொத்துக்கு ஒரு காதும் தைத்துவிட்டாள். பார்க்க ராணுவ உடுப்பு மாதிரி கச்சிதமாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் ஒத்திகைக்காகப் பலகையை ஏற்றிக் கட்டப் போனபோதுதான் குட்டு உடைந்தது. நாடா இந்தப் பக்கம், கொக்கி அந்தப் பக்கம், நடுவே ஒரு சாண் வெளி. பலகை இல்லாத வெறும் கூரைக்கு அளவெடுத்து வெட்டியிருக்கிறாள்! மூச்சை உள்ளே இழுக்காதீர்கள், சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று வருகிறவர்களையெல்லாம் அதட்டி அளவெடுக்கிற டெய்லரம்மா, தன் காருக்கு வெறும் வயிற்றில் அளவெடுத்துவிட்டாள். கணவர் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டு, முடியாமல் வீட்டுக்குள் ஓடிப்போய்ச் சிரித்தார். அவளுக்கோ அழுகை முட்டியது. நாளைக்கும் வேனா? நாளைக்கும் விசிலா?

வெளியே வந்த கணவர் அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். செருப்பை மாட்டிக்கொண்டு தெருக்கோடி மெக்கானிக்கிடம் போய், உடைக்கப் போட்டிருந்த ஒரு காரின் சீட் பெல்ட்டுகளை வாங்கிவந்து வெட்டு மேசையில் போட்டார்.

"ஆளையே பிடிச்சு நிறுத்துற பெல்ட். உன் போர்டைப் பிடிக்காதா?" என்றார்.

பை தைக்கிற கனத்த மெஷினில் டெய்லரம்மா உட்கார்ந்தாள். இந்த முறை கஞ்சத்தனமே இல்லை. தாராளமாக நீளம் விட்டாள். நாடாவும் பெல்ட்டும் சேரும் இடத்தில் கட்டம் போட்டு அடித்து, கட்டத்துக்குள் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினாள். கணவர் அதை மாடிப்படிக் கம்பியில் மாட்டி, தன் கனத்த உடம்பு மொத்தத்தையும் தொங்கவிட்டுப் பார்த்தார். கம்பி முனகியது, தையல் அசையவில்லை. காலை மடக்கிக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் ஊஞ்சல் ஆடினார். ஆடியது சோதனைக்காகத்தான் என்று அவர் சாதித்தாலும் அதை யாரும் நம்பப் போவதில்லை.

ஞாயிறு காலை அவள் தனியாகப் புறப்பட்டாள். கணவர் வாசல்வரை வந்து, மெதுவாக ஓட்டி, அவ்வப்போது ஓரமாக நிறுத்தி நாடாவை ஒரு தடவை இழுத்துப் பார்க்கச் சொன்னார். சொன்னபடியே செய்தாள். பின்னால் வந்த வண்டிகள் ஹார்ன் அடித்துத் தீர்த்தன. அவள் கண்ணாடியைக் கீழே இறக்கிக் கையசைத்து, முந்திப் போங்கள் என்று எல்லோருக்கும் வழிவிட்டாள். தலைக்கு மேலே நாடா விம்மென்று பாடிக்கொண்டே வந்தது. கடற்கரையில் மாப்பிள்ளை வந்து ஒவ்வொரு நாடாவாகச் சுண்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினார். அவரிடமிருந்து அதுவே பெரிய பாராட்டு.

அன்றைக்கு அலை நல்ல அலை. வழக்கம்போல் முதல் பாதி உப்புத்தண்ணீர். பிறகு கை ஊன்றினாள், முழங்கால் மடங்கியது, ஒரு பாதம் பலகையில் பதிந்தது. விசில் பறந்தது. பழக்க தோஷத்தில் கரைக்கு வந்துவிட்டாள். மாப்பிள்ளை வேனில் பலகை ஏற்றிக்கொண்டிருந்தார். அவள் அவர் பக்கத்தில் போய் நின்றாள். வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்த வார்த்தைதான்.

"நீங்க கிளம்புங்கண்ணா. நான் அப்புறம் வரேன்."

அவ்வளவுதான், சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை கோபித்துக்கொள்ளவில்லை. அதற்கென்ன என்றுவிட்டு நாத்தனாரின் பலகைக்குக் கையை நீட்டினார். நாத்தனார் பலகையைக் கொடுக்கவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த விசிலுக்கு ஓடிவந்தவள்.

"அண்ணி, உங்க கார்ல இன்னொரு போர்டு ஏறுமா?"

டெய்லரம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை மாதமும் தான் ஒருத்திதான் ஏங்குகிறோம் என்று நினைத்திருந்தாள்.

"ரெண்டு போர்டுகூட ஏறும், வா" என்றாள்.

மாப்பிள்ளை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சாப்பாடு என்று ஏதோ ஆரம்பித்தவரிடம் நாத்தனார் டிபன் டப்பாவை எடுத்து நீட்டினாள். அவர் அங்கேயே திறந்து ஒரு வாய் போட்டுக்கொண்டு, மலர்ந்த முகத்தோடு வேனைக் கிளப்பிப் போனார்.

இருவரும் தண்ணீருக்குள் ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் டெய்லரம்மா எழுந்து நின்றாள். காலடியில் பலகை போய்க்கொண்டே இருந்தது, கரையின் ஈர மணலில் மூக்கு முட்டும்வரை அவள் நின்றபடியே வந்தாள். பின்னால் நாத்தனார் கூவியது அலைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. பலகையைத் திருப்பிக்கொண்டு மறுபடி உள்ளே போகும்போது இருவரும் ஒரே நேரத்தில் கரையைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களைக் கூப்பிட அங்கே ஒருவருமில்லை.