நான் அழித்த லினக்ஸ்

எங்கள் தேயிலைத் தொழிற்சாலையின் ஒரே கணிப்பொறியில் ஒரு பெண் எட்டு மாதம் உழைத்து எழுதியிருந்த நிரலை நான் தெரிந்தே அழித்தேன். அழித்துவிட்டு, கரண்ட் போனதால் போய்விட்டது என்று பொய்யும் சொன்னேன்.

பச்சைத் தேயிலை விலை அடிமட்டத்துக்கு விழுந்திருந்த காலம். நீலகிரியில் இத்தலார்ப் பக்கத்துச் சிறு விவசாயிகளிடம் கொழுந்து வாங்கித் தூளாக்கும் தொழிற்சாலை எங்களுடையது. வருவதையெல்லாம் வாங்க முடியாமல் ஊருக்கு ஒரு நாள் என்று முறை வைத்தோம். முறை குழம்பினால் கொழுந்து சாக்குக்குள்ளேயே சூடேறிச் சிவந்துவிடும். அப்புறம் அது யாருக்கும் ஆகாது.

நான் அலுவலகத் தலைவன், ஆங்கிலத்தில் எம்.ஏ. அவள் தட்டச்சராக வந்தவள். இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி, கீழ் கோத்தகிரியில் குடியேறிய குடும்பம். பத்திரிகையோடு இலவசமாக வந்த குறுந்தகட்டிலிருந்து லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றி, எந்த ஊருக்கு என்றைக்கு லாரி அனுப்புவது என்று சொல்லும் நிரலை அதில் எழுதிக்கொண்டிருந்தாள். ஆள்குறைப்புப் பேச்சு வந்தபோது முதலாளி சொல்லிவிட்டார்: மாதக் கடைசிக்குள் நிரல் ஓடினால் அவளுக்கு வேலை உண்டு, இல்லையென்றால் இல்லை.

எனக்கு அந்தக் கறுப்புத் திரை பிடிக்கவில்லை. கடிதம் அடிக்கவும், உண்மையைச் சொன்னால் சீட்டு விளையாடவும், எனக்கு விண்டோஸ் வேண்டியிருந்தது.

"இதுல என்னம்மா இருக்கு? ஒரு படம்கூட இல்லை" என்றேன் ஒரு நாள்.

"படம் பாக்கணும்னா ஊட்டி தியேட்டருக்குப் போங்க சார்."

அலுவலகமே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது.

அவள் விடுப்பில் இருந்த ஒரு நாள், வெலிங்டனில் இருந்த உறவினரிடம் விண்டோஸ் குறுந்தகடு வாங்கி வந்து ஏற்றினேன். வட்டில் இன்னதென்று தெரியாத ஒரு பகுதி இருக்கிறது, அழிக்கலாமா என்று கணிப்பொறி கேட்டது. அது என்னவென்று எனக்குத் தெரியும். அழி என்றேன்.

மறுநாள் அவளிடம், "கரண்ட் போய் வந்ததும் மிஷின் எந்திரிக்கவே இல்லைம்மா. வேற வழியில்லாம விண்டோஸ் போட்டேன்" என்றேன்.

அவள் மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்தாள். "காப்பி எடுத்து வைக்காதது என் தப்புதான் சார். பழைய பிரிண்ட் இருக்கு. ஆனா இருக்கிற ஒரு வாரத்துல அதைத் திரும்ப அடிக்க முடியாது."

என் தப்பு என்று அவள் சொன்னதை நான்கு நாள்தான் தாங்க முடிந்தது. ஐந்தாம் நாள் அவளையும் அழைத்துக்கொண்டு முதலாளி முன் நின்று உள்ளதைச் சொன்னேன்.

"ஏனுங்க, படிச்ச மனுசன் பண்ற வேலைங்களா இது?"

"இல்லைங்க. ஆளைக் குறைக்கறதுன்னா என்னைக் குறைங்க."

"உங்களைக் குறைச்சா புரோகிராம் வந்துருமா? இன்னும் ஒரு மாசம் தர்றேன். ரெண்டு பேரும் சேந்து செஞ்சு காட்டுங்க."

அன்று முழுவதும் அவள் என்னிடம் பேசவில்லை. மறுநாள் காலையில் ஓரமெல்லாம் துளையிட்ட அந்தப் பழைய பிரிண்ட் கத்தையை என் மேசையில் போட்டாள். "பழசை நீங்க அடிங்க. புதுசை நான் யோசிக்கிறேன்."

கணிப்பொறியின் வட்டை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் விண்டோஸும் மற்றதில் லினக்ஸும் வைத்திருந்தாள். கணிப்பொறியைப் போட்டால் எந்தப் பக்கம் என்று கேட்கும். "கடுதாசிக்கு அது, கொழுந்துக்கு இது. சண்டையே வேணாம் சார்."

என் உத்தியோக வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான மாதம் வேறு இல்லை. இரண்டு விரலால் அடித்தேன். தப்பு செய்தால் எந்த வரியில் என்று அந்தக் கறுப்புத் திரை சொல்லிக் காட்டும். அவளும் சும்மா விடமாட்டாள்.

"எம்.ஏ. படிச்சிட்டு ஒரு அரைப்புள்ளி வைக்கத் தெரியலையே சார்!"

நிரல் முதன்முதலாக முழுதாக ஓடியபோது நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டினேன். வயசுக்கு அடுக்காத கைதட்டல். அதன் சொல்படி லாரி போன முதல் வாரம் ஒரு சாக்குகூடச் சிவக்கவில்லை. கொழுந்து கையில் அள்ளினால் குளுகுளுவென்று இருந்தது.

அவள் வேலை நிலைத்தது. மூன்று வருடம் கழித்து, நிரல் எழுதும் வேலைக்கே கோயம்புத்தூர் போனாள். அதுவரை லினக்ஸ் பக்கத்தின் கடவுச்சொல்லை அவள் எனக்குச் சொல்லவில்லை. எனக்கு வேண்டும்போதெல்லாம் அவளே வந்து திறந்துவிட்டாள். போகும் நாளில்கூட அதை என்னிடம் தராமல், லாரிக் கணக்கு எழுதும் ரைட்டரிடம் கொடுத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அவளும் சிரித்தாள்.