நார்மல் என்று வந்த நாள்

என் கணவருக்கு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. நுரையீரலைச் சுற்றியிருக்கும் உறைக்குள் நீர் கோத்திருக்கிறது என்றார் இரும்புலியூர் டாக்டர். முதுகில் ஊசி குத்திக் கொஞ்சம் நீரை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

"டிபியா இருக்கலாம்மா. ஏடிஏன்னு ஒரு என்சைம். டிபின்னா அது இந்த நீர்ல ஏறியிருக்கும்."

டிபியா? எங்கள் வீட்டிலா? காலனியில் தெரிந்தால் ஒருத்தராவது வாசல் மிதிப்பார்களா? செம்பாக்கம் ஏரிக்கரைப் பிள்ளையார் முன்னால் நின்று, "வேற எதுவானாலும் பரவாயில்லப்பா, டிபி மட்டும் வேண்டாம்" என்று அழுதேன்.

ரிப்போர்ட் போனிலேயே வந்தது. ரிப்போர்ட் படிப்பதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. வருஷாவருஷம் எடுக்கிற சர்க்கரை, கொழுப்பு ரிப்போர்ட்டுகள் சொல்லிக்கொடுத்ததுதான்: தடித்த எழுத்தில் இருந்தால் வம்பு, இல்லாவிட்டால் நிம்மதி. ஏடிஏ தடித்த எழுத்தில் இல்லை.

"ஏங்க, நார்மல்ங்க!" என்று கத்தினேன்.

"பாஸா? அப்ப பாயசம் வை," என்றார், இருமிக்கொண்டே. நான் ஓடிப்போய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன்.

மாலையில் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"கம்மியா இருக்கே."

"நல்லதுதானே டாக்டர்?"

"ஏறியிருந்தா டிபின்னு மாத்திரை ஆரம்பிச்சிருப்பேன். ஆறு மாசத்துல சரி பண்ணிடலாம். இது டிபி மாதிரி தெரியல. அந்த உறையில துளி சதை எடுத்துப் பார்க்கணும். கேன்சர் இல்லன்னு உறுதி பண்ணிக்கணும்மா."

நார்மல் என்றால் நல்லதில்லையா? ஏறியிருந்தால்தான் நல்லதா? இது என்ன கூத்து! எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியாமல், வீடு திரும்பும் வழியில், "பார்த்து ஓட்ட மாட்டீங்களா?" என்று ஆட்டோக்காரர் மேல் எரிந்து விழுந்தேன்.

"நான் இன்னாக்கா பண்ணேன்? சிக்னல்ல தான நின்னுகினு கீறேன்," என்றார் அவர், பாவம்.

வீட்டில், காலையில் உடைத்த தேங்காய் மூடி சமையல் மேடையில் கிடந்தது.

"சட்னி அரைச்சிடேன், கெட்டுப்போயிடப் போகுது," என்றார் என் கணவர்.

அதைத் தொடவே எனக்குக் கை வரவில்லை. "டிபியாவே இருந்திருக்கலாம்ங்க," என்றேன்.

"நீதானே அது வேண்டாம்னு வேண்டிக்கிட்ட?" என்று கிண்டலாகத்தான் கேட்டார்.

வேறு எதுவானாலும் பரவாயில்லை என்றும் சேர்த்து நான் வேண்டிக்கொண்டது அவருக்குத் தெரியாது.