மிதிபடாத கோலம்

எனக்கு எழுபத்து மூன்று வயது. நான் பெற்றது நான்கு, நாத்தனார் விட்டுப்போனது ஒன்று, ஆக ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். பள்ளிக்கூடம் போனது இரண்டாம் வகுப்பு வரைக்கும்தான். என் பெயரை எழுதுவேன், பஸ் நம்பர் படிப்பேன், அதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள். ஆனால் கோலம் என்று வந்தால் என்னைக் கேட்காமல் வேறு யாரையும் கேட்காதீர்கள். பெங்களூரில் தமிழர் நிறைந்த அல்சூரில் இருந்தவரை மார்கழிக் கோலப் போட்டியில் முதல் பரிசு யாருக்கு என்று யாரும் விசாரித்ததே இல்லை. இரண்டாம் பரிசு யாருக்கு என்றுதான் கேட்பார்கள்.

இது நடந்தது போன வருஷம் தசரா லீவில். பெங்களூருக்கு வெளியே, ஹொஸ்கோட்டை தாண்டி ஒரு கிராமம். கடைசி மகன் அங்கே சைட் வாங்கி வீடு கட்டினான், நானும் அவனோடு போனேன். சுற்றிலும் ராகி வயல், நடுவில் பழைய ஊர், ஓரமாக எங்களைப் போல வந்து சேர்ந்தவர்களின் புது வீடுகள். மொத்த ஊரிலும் தமிழ் வீடு எங்களுடையது ஒன்றுதான். அதனால் என்ன, எனக்குக் கன்னடம் தமிழ் மாதிரியே வரும். சண்டை போடத் தமிழைவிட நன்றாகவே வரும்.

லீவுக்கு முன்னால் ஊரில் திருட்டு அதிகமாயிற்று. முதலில் போர்வெல் ஒயரை அறுத்துக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு டிராக்டர் பேட்டரி, பிறகு வாசலில் நின்ற பைக். பக்கத்து ஊரில் பூட்டின வீட்டையே உடைத்துவிட்டார்கள். அப்போதுதான் எங்கள் ஊரைப் பார்த்துக்கொள்ளும் போலீஸ்காரர் வந்து, பால் சொசைட்டி வாசலில் எல்லோரையும் கூட்டிப் பேசினார். சின்ன வயசு, நல்ல பையன். முன்பு அல்சூர் ஸ்டேஷனில் வேலை பார்த்ததால் என்னிடம் மட்டும் தமிழில் பேசுவார்.

வண்டிகளுக்கு ஹேண்டில் லாக் போடுங்கள், வெளியூர் போனால் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள், நாங்கள் ரோந்து வரும்போது பார்த்துக்கொள்கிறோம் என்றார். அப்புறம் ஒரு விஷயம் சொன்னார். திருடர்கள் பகலில் பெட்ஷீட் விற்பவர்கள் மாதிரி தெருவில் சுற்றுவார்களாம். எந்த வாசலில் காலையில் ரங்கோலி இல்லையோ அந்த வீட்டில் ஆள் இல்லை என்று குறித்துக்கொள்வார்களாம்.

நான் எழுந்து நின்றேன். மருமகள் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். நான் உட்காரவில்லை.

"அது நன்ன கெலசா" என்றேன். அது என் வேலை என்று அர்த்தம். "யார் வீடு பூட்டியிருந்தாலும் வாசலில் நான் கோலம் போடுகிறேன். ஒரு திருடன் வரமாட்டான்."

ஊரே கை தட்டியது. போலீஸ்காரர்கூட, "அஜ்ஜி இருக்கச்சே எனக்கு இன்னா வேலை, நான் வீட்டுக்குப் போயிடறேன்" என்றார். அஜ்ஜி என்றால் இங்கே பாட்டி. அன்று ராத்திரி எனக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

லீவு விட்டதும் தெருவில் பாதி வீடு காலி. எதிர்வீட்டு டெய்லரம்மாவும் கிளம்பினாள். கோலாரில் மகளுக்குப் பிரசவம். ஒண்டிக்கட்டை, தையல் மிஷினை மிதித்தே மகளைப் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தவள். பிறக்கப்போகிற குழந்தைக்கும் மகளுக்கும் போடுவதற்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த நகை ஒரு டப்பாவில் இருந்தது. பஸ்ஸில் கொண்டுபோகப் பயம், பூட்டிய வீட்டில் வைத்துப்போகவும் பயம்.

"பேர் வைக்கற அன்னிக்கு யாராவது காரில் வந்தா வாங்கிக்கிறேன் அஜ்ஜி. அதுவரைக்கும் உங்க வீட்ல இருக்கட்டும். உங்க வீட்லதான் எப்பவும் ஆள் இருக்கு" என்று என் கையில் கொடுத்தாள். நான் அதை ராகி டிரம்மின் அடியில் புதைத்து வைத்தேன். மகனுக்குக்கூட இடம் சொல்லவில்லை.

தினமும் விடிந்ததும் கோலமாவு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். இந்த ஊர்ப் பெண்கள் வாசலில் நாலு கோடு இழுத்து, மூலையில் கலர் தூவிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அப்படி வராது. போட்டால் புள்ளி வைத்துச் சிக்குக் கோலம்தான், பின்னல் பின்னலாக, வாசலை அடைத்துக்கொண்டு. பூட்டின வீடு ஒவ்வொன்றின் முன்னாலும் அதைப் போட்டேன். இடுப்பு ஒடிந்துதான் போயிற்று. ஆனால் தெருமுனையில் நின்று திரும்பிப் பார்த்தால், நானே சொல்லக்கூடாது, கோயில் வாசல் மாதிரி இருந்தது.

கடைசியாகப் போடுவது எங்கள் வாசலில். அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. அதை யாரும் மிதிக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மிதித்தால் அன்றைக்குப் பூரா என் வாயில்தான் விழவேண்டும். அதனால் மகனும் மருமகளும் பேத்தியும் கொல்லைப்பக்கமாகவே போய்வந்துகொண்டிருந்தார்கள். கூரியர்காரன், கேஸ்காரன் என்று யாராவது மறந்துபோய் வந்துவிடுகிறார்களே என்று, கோலம் போட்டு முடித்ததும் முன் கதவை வெளியே பூட்டிவிட்டு, சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக உள்ளே போய்விடுவேன். கோலம் சாயங்காலம் வரை அப்படியே இருக்கும். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒருநாள் காலை வேளை. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டார்கள், பேத்தி டியூஷனுக்குப் போயிருந்தாள். நான் சமையலறையில் காலை நீட்டி உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். முன் கதவில் ஏதோ நெம்பும் சத்தம். பூட்டு கீழே விழுந்தது. கதவு திறந்தது. மகன் எதையோ மறந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறான் என்று நினைத்தேன். அதுவும் முன்வாசல் வழியாக. எனக்கு வந்த கோபம் இருக்கிறதே.

உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தம் போட்டேன். "கோலத்த மிதிச்சியாடா?"

"இல்லம்மா, தாண்டித்தான் வந்தேன்" என்று பதில் வந்தது.

பதில் மரியாதையாகத்தான் இருந்தது. ஆனால் குரல் என் மகனுடையது இல்லை.

மெதுவாக எழுந்து வந்து பார்த்தேன். கூடத்தின் நடுவில் ஒருவன் நிற்கிறான். இருபத்தைந்து வயசு இருக்கும். கையில் இரும்புக் கம்பி. என்னைப் பார்த்து அவன் முகம் வெளுத்துவிட்டது. என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. என் கையில் புளிக்கொட்டை எடுக்கும் சின்னக் கத்தி, அது வாழைப்பழம்கூட ஒழுங்காக வெட்டாது.

"ஆள் இருக்கீங்களா?" என்றான், ஏதோ நான் அவனை ஏமாற்றிவிட்டதைப் போல.

"நீ யார்ரா?"

"கரண்ட் மீட்டர் பாக்க வந்தேம்மா."

"மீட்டர் வெளியில இருக்கு. பூட்ட ஒடச்சு உள்ள வந்தா மீட்டர் பாப்ப?"

அவன் கண் சமையலறைப் பக்கம் போயிற்று. அங்கேதான் ராகி டிரம். வீட்டில் எங்கள் பொருள் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. போனால் போகிறது என்று ஒதுங்கி நின்றிருப்பேன். ஆனால் அந்த டப்பா போய்விட்டால், மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அந்த டெய்லரம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வது? சமையலறை வாசல்படியில் குறுக்கே போய் நின்றேன். நின்றேன் என்பதைவிட, நிலையைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன் என்பதுதான் சரி. வாய் மட்டும் அடங்கவில்லை.

"அம்மா, ஒதுங்குங்க. ஒங்கள ஒண்ணும் செய்ய மாட்டேன்" என்றான்.

"நீ செய்யறதுக்கு என்னடா இருக்கு? வெளியில போ. போறப்பவும் கோலத்த மிதிச்சே, காலை ஒடிப்பேன்" என்று கத்தினேன். கூடவே அல்சூர் மார்க்கெட்டில் கற்ற வார்த்தைகள் சிலவற்றையும் சேர்த்துக்கொண்டேன். நான் சொல்லச் சொல்ல இதை எழுதும் பேத்தி அவற்றை மட்டும் எழுதமாட்டேன் என்கிறாள்.

என் சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்கும். வெளியே பைக்கில் காத்திருந்த கூட்டாளி ஹாரன் அடித்தான். இவன் திரும்பி ஓடினான். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், வாசலில் ஒரு கணம் நின்று, கோலத்தைத் தாண்டிக் குதித்துத்தான் ஓடினான்.

எங்கள் சந்து குறுகல். அந்த நேரம் பார்த்து எதிரே தீவனச் சோளத்தட்டு ஏற்றிய டிராக்டர் ஒன்று சந்தை அடைத்துக்கொண்டு வந்தது. பைக்கைத் திருப்ப முடியவில்லை. இரண்டு பேரும் பைக்கைப் போட்டுவிட்டு வயலில் இறங்கி ஓடினார்கள். ஒருவன் தப்பிவிட்டான். கோலம் தாண்டியவன் வரப்பில் வழுக்கி விழுந்து, டிராக்டர்காரரிடம் மாட்டிக்கொண்டான். அவரே போலீஸுக்குப் போன் போட்டார்.

போலீஸ்காரர் வருவதற்குள் ஊர் கூடிவிட்டது. அவனைப் பால் சொசைட்டிப் படியில் உட்கார வைத்திருந்தார்கள். நாலு பேர் அடிக்கப் போனார்கள். போலீஸ்காரர் வந்து அவர்களை விலக்கிவிட்டு, பைக்கைப் பார்த்தார். அதுவே வேறு ஊரில் திருடியதாம், நம்பர் பிளேட்டை மாற்றியிருந்தார்கள். பிறகு அவனிடம் கேட்டார். அவன் தமிழ்ப் பையன் என்று நான் சொல்லியிருந்ததால் தமிழிலேயே கேட்டார்.

"இந்த ஊர்ல இத்தன வீடு பூட்டியிருக்கு. ஆள் இருக்கற அஜ்ஜி வீட்ல யாக்கே, ஏன் பூந்தே?"

"ஆள் இல்லன்னு நெனச்சேன் சார்."

"எப்பிடி நெனச்சே?"

அவன் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். "கோலம் சார்."

"கோலம் போட்டிருந்தா ஆள் இருக்குன்னுதானே அர்த்தம்?"

"ஆள் இருக்கற வீட்ல கோலம் கொஞ்ச நேரத்துலயே கலைஞ்சிடும் சார். பசங்க மிதிப்பாங்க, ஸ்கூட்டர் ஏறும், கோழி சீய்க்கும். இங்க சில வீட்ல மட்டும் மத்தியானம் வரைக்கும் ஒரு பின்னல்கூடக் கலையாம இருந்துச்சு. எல்லாம் ஒரே கை போட்ட கோலம், இந்த ஊர்க் கோலமே இல்ல. யாரோ காசுக்கு வந்து போட்டுட்டுப் போறாங்கன்னு தெரிஞ்சுது. அதையெல்லாம் குறிச்சு வெச்சுக்கிட்டோம். இவங்க வீட்டுதுதான் இருக்கறதுலயே பெருசு, வெளியில பூட்டு வேற. பெரிய எடம் போல இருக்கு, குடும்பத்தோட ஊருக்குப் போயிட்டாங்கன்னு மொதல்ல இங்க வந்தோம்."

போலீஸ்காரர் அதைக் கன்னடத்தில் ஊருக்குச் சொன்னார். முதலில் டிராக்டர்காரர் சிரித்தார். அப்புறம் ஊரே சிரித்தது. பூட்டின வீடு ஒவ்வொன்றையும் திருடனுக்கு அடையாளம் காட்டிக்கொடுத்தது நான். அதுவும் இடுப்பு ஒடிய, தினமும் குனிந்து.

எழுபது வயசுக்கு மேல் தெருவில் நின்று தலைகுனிவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அவனை ஜீப்பில் ஏற்றும்போது, "ஏண்டா, காசுக்குப் போட்ட கோலம் மாதிரியா இருந்துச்சு?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இல்லம்மா, அழகாதான் இருந்துச்சு. அதான் மிதிக்க மனசு வரல" என்றான். திருடன் சொன்னதுதான் என்றாலும் ஒரு ஓரத்தில் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைப்பானேன்.

மறுநாளிலிருந்து நான் கோலம் போடப்போவதில்லை என்று சொல்லிவிட்டேன். போலீஸ்காரர் விடவில்லை. வீடு தேடி வந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, மருமகள் கொடுத்த காபியைக் குடித்தபடி சொன்னார்.

"நீங்கோ நிறுத்தினா நாளைக்கு வாசல் காலியா இருக்கும் அஜ்ஜி, அது இன்னும் மோசம். போடுங்கோ. சின்னதா போடுங்கோ. போட்டுட்டு நீங்களே அதை மிதிச்சிடுங்கோ."

"நானா?"

"நீங்கதான். வேற யார் மிதிச்சாலும் நீங்கோ விட மாட்டீங்களே."

அந்த முதல் நாள் எனக்கு மறக்காது. டெய்லரம்மா வாசலில் சின்னதாக ஒன்றைப் போட்டுவிட்டுக் காலைத் தூக்கினேன். கால் இறங்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தேன், கண்ணை மூடிக்கொண்டு ஒரு மிதி மிதித்தேன். பெற்ற பிள்ளையை அடித்தது போல இருந்தது. ஒரே கால் தடமாக இருந்தால் மறுபடியும் சந்தேகம் வருமே என்று, அடுத்த நாள் ஒரு பையில் மகனின் செருப்பு, மருமகளின் செருப்பு, பேத்தியின் ஷூ எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். வாசலுக்கு வாசல் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தேன். பேத்தியின் ஷூவில் என் கால் பாதிதான் நுழைந்தது. பால்காரரிடம் சொல்லி, எல்லா வாசலிலும் சைக்கிளை ஒரு தரம் ஏற்றி இறக்கச் சொன்னேன். ஊர் இன்னொரு முறை சிரித்தது. சிரிக்கட்டும். அதற்கப்புறம் எங்கள் தெருவில் ஒரு பூட்டும் உடையவில்லை.

பெயர் வைப்பதற்கு முன்தினம் டெய்லரம்மா மருமகனோடு காரில் வந்தாள். மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே எல்லாவற்றையும் சொன்னேன். திருடன் எவ்வளவு தூரம் வந்தான், டப்பா எங்கே இருந்தது, அவனுக்கு வழி காட்டியது யார் என்று ஒன்றுவிடாமல். டப்பாவில் ஒட்டியிருந்த ராகியை முந்தானையால் துடைத்து அவள் கையில் வைத்தேன். அவள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. பேர் வைத்து முடிந்ததும், குழந்தைக்கும் மகளுக்கும் போட்டது போக மிச்ச நகையோடு அந்த டப்பாவைத் திரும்ப என்னிடமே கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

இப்போது எங்கள் வீட்டு முன் கதவு பகலெல்லாம் திறந்தே இருக்கிறது. எல்லோரும் கோலத்தின் மேலேயே நடக்கிறார்கள். எனக்குக் கோபம் வராமல் இல்லை. ஆனால் சாயங்காலம் பார்த்தால் ஒரு பின்னல் மிச்சமில்லாமல் வாசல் பூரா வெள்ளைத் தடமாகக் கிடக்கிறது. அதைப் பார்க்கும்போது, உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள், போகிறார்கள், வருகிறார்கள் என்று மனசுக்கு ஒரு தைரியம்.

போதும் கண்ணு, இத்தோடு நிறுத்து. எங்கே, முதலிலிருந்து ஒரு தடவை படித்துக் காட்டு, நான் சொன்னதைத்தான் எழுதினாயா என்று பார்க்கிறேன்.