கஜா பாஸும் மேடேறாத காரும்

ஹாலிஎலயில், ரயில் பாதைக்குக் கீழே, இரண்டு கார்களை நிறுத்தினால் மூன்றாவதற்கு இடமில்லாத கராஜ் ஒன்று இருக்கிறது. அதை நடத்துபவர் கஜேந்திரன். வாகனம் பழுதுபார்ப்பவரை ‘பாஸ்’ என்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஊருக்கு அவர் கஜா பாஸ். நமுனுகுலை மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, பத்தொன்பது வயதில் பதுளைக்கு இறங்கி, லொறிகளுக்கு அடியில் படுத்துத் தொழில் கற்றவர். அதிகம் பேசமாட்டார். பானட்டைத் திறப்பதற்கு முன்னால் மட்டும் கேள்வி மேல் கேள்வி கேட்பார்: எங்கே போனீர்கள், மழையா வெயிலா, எத்தனை பேர் ஏறினார்கள்.

“என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பகூட இவ்வளவு கேக்கல” என்று அவர் மனைவி விஜயலெட்சுமி வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

ஐப்பசி மழை தொடங்கிய வாரம் சத்தியபாமா டீச்சர் தன் சின்ன டர்போ காரைக் கொண்டுவந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பதுளையில் கணக்குப் படிப்பிக்கிறார்.

“சம தரையில ஓடுது அண்ணை. ஏத்தத்தில இழுவையே இல்லை. ஒரு கராஜில டர்போவையே மாத்தோணும் எண்டு சொல்லுகினம்.”

“தினமும் எவ்வளவு தூரங்க ஓடும்?”

“வீட்டிலயிருந்து பள்ளிக்கூடம் அரை மைலும் வராது. சனிக்கிழமையில மட்டும் நமுனுகுலைக்குப் போறனான். அங்க ஓ.எல். சோதினை எழுதுற பிள்ளையளுக்குக் கணக்கு வகுப்பு.”

டர்போ ஊதும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயைக் கஜேந்திரன் கழற்றினார். பால் தேநீர் நிறத்தில் நுரைத் தண்ணீர் வழிந்தது. விரலில் தொட்டு முகர்ந்தார். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்டின் இனிப்பு வாசம் இல்லை. இருந்தாலும் கூலன்ட் போத்தலில் பேனாவால் கோடு போட்டு, மூன்று நாள் காரை ஓட்டிப் பார்த்தார். மட்டம் இறங்கவில்லை. எஞ்சினுக்குள் உடைசல் ஏதும் இல்லை என்று மனம் ஆறியது. ஈரக்காற்று இன்டர்கூலருக்குள் குளிர்ந்து தண்ணீராகி, எண்ணெய் ஆவியோடு கலந்திருக்கிறது. அரை மைல் ஓட்டத்தில் எஞ்சின் சூடாகாததால் ஈரம் காயவே இல்லை. எல்லாவற்றையும் கழுவி உலர்த்தி, எண்ணெய் மாற்றிக் கொடுத்தார்.

“டர்போவுக்கு ஒண்ணும் இல்லீங்க டீச்சர். தண்ணிதான் கோளாறு.”

அந்தச் சனிக்கிழமையே கார் பாதி மலையில் திணறி நின்றுவிட்டது. டீச்சர் அதை ஓரங்கட்டிவிட்டு, மழையில் வகுப்புக்கு இரண்டு மைல் நடந்திருக்கிறார். திங்கட்கிழமை வந்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை. கஜேந்திரனுக்கு அதுதான் தாங்கவில்லை.

“எனக்கு ஒண்டுமில்லை அண்ணை. பிள்ளையள்தான் பாவம், வாசல்லயே காத்துக்கொண்டு நிண்டவை.”

“தப்பு என்னோடதுங்க. தண்ணியப் பார்த்ததும், இதுதான்னு தேடுறத நிப்பாட்டிட்டேன்.”

அன்று அவர் வேறு வண்டியைத் தொடவில்லை. எஞ்சின் சும்மா ஓடும்போது குழாயில் குறை எதுவும் தெரியவில்லை. டர்போ அழுத்தமாக ஊதும்போது மட்டும் எங்கோ காற்று தப்புகிறதோ? பால்மா டின் மூடியை வெட்டி, அதில் டயர் வால்வு ஒன்றைப் பொருத்தி, காற்றுக் குழாயின் வாயை அடைத்தார். கம்பிரஸரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விட்டார். விஜயலெட்சுமி வாளியில் சவர்க்கார நுரை அடித்து, குழாய் நெடுகத் தூரிகையால் பூசிக்கொண்டு வந்தாள்.

“இங்க வாங்க! கீழ, கிளிப்புக்குப் பக்கத்துல!”

நுரை கொப்புளம் கொப்புளமாக வெடித்தது. எண்ணெய் ஊறி இளகிய ரப்பரில் நகமளவு வெடிப்பு. எஞ்சினுக்குப் போகவேண்டிய காற்று அதன் வழியே ஓடிக்கொண்டிருந்தது.

“என் கண்ணுக்குப் படலியே லெச்சுமி.”

“அடியில இருந்தா யாருக்குத்தான் தெரியும்? மொதல்ல சாப்பிட வாங்க.”

புதுக் குழாய் மாட்டி, அடுத்த சனிக்கிழமை அவரும் டீச்சரோடு காரில் ஏறினார். மலையில் மூடுபனி இறங்கியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தார். போன தடவை நின்ற வளைவில் டீச்சர் பயந்து பயந்து மிதித்தார். கார் விசில் போல மெல்லிய சத்தத்தோடு மேலே பாய்ந்தது.

“ஐயோ, இழுக்குது அண்ணை!” டீச்சர் கத்தியே விட்டார்.

வகுப்பு முடியும்வரை காரிலேயே இருக்கத்தான் கஜேந்திரன் நினைத்திருந்தார், டீச்சர் விடவில்லை. பிள்ளைகளுக்குப் பின்னால் கடைசி வாங்கில் ஒடுங்கி உட்கார்ந்து இரண்டு மணி நேரம் சமன்பாடு கேட்டார். ஒரு கணக்குக்கு அவருக்கு விடை சரியாக வந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது தயங்கித் தயங்கிச் சொன்னார்: “டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. ஸ்கூலுக்கு நடந்தே போங்களேன். அரை மைலுக்குக் காரை எடுத்தா ஈரம் திரும்பவும் சேரும்.”

“கராஜ்காரர் ஒருத்தர் காரை எடுக்காதேங்கோ எண்டு சொல்லி இண்டைக்குத்தான் கேக்கிறன்!”

டீச்சர் இப்போது குடையோடு பள்ளிக்கூடத்துக்கு நடக்கிறார். சனிக்கிழமைகளில் மட்டும் கார் மலையேறுகிறது. சில வாரம் விஜயலெட்சுமியும் முன் இருக்கையில் ஏறிக்கொள்வாள். அவளுடைய அக்கா வீடு அந்த வழியில்தான்.