குளியலறையில் புளித்த பீரும் என் கையெழுத்தும்

ஜுபைலில் எனக்கு வேலை, பெட்ரோகெமிக்கல் ஆலையின் குழாய்களில் எண்ணும் அம்புக்குறியும் எழுதுவது. ஊரில் கடைப் பலகைகள் எழுதிய கை சும்மா இருக்காது. டீ நேரத்தில் பெயிண்ட் டின் மூடிகளில் படம் வரைவேன். அப்படி ஒரு மூடியை, வெல்டிங் சோதிக்க வந்த ஸ்காட்லாந்து இன்ஜினியர் ஒருவர் பார்த்துவிட்டார். அறுபதை நெருங்கியவர். வெள்ளிக்கிழமை தன் வீட்டுக்கு வா, உன்னைப் போல வரைகிறவர்கள் வருவார்கள் என்றார்.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. வெள்ளைக்காரர்கள் குடியிருக்கும் காம்பவுண்டுகளில் குண்டு வெடிக்கும் என்று எல்லோரும் பயந்திருந்த நேரம். வாசலில் சிமெண்டுத் தடுப்புகள், மணல் மூட்டைகள், துப்பாக்கியோடு சிப்பாய்கள். கம்பெனி பிக்கப் ஓட்டும் கீழக்கரை அண்ணன்தான் என்னை அழைத்துப் போனார். ஒரு வேளைத் தொழுகையும் தவறவிடாதவர். இருவரின் இக்காமாவையும், அதாவது குடியிருப்பு அனுமதி அட்டையையும், வாங்கிப் பார்த்து உள்ளே விட்டார்கள். "நீ போயி படத்தப் பாரு தம்பி. நான் வண்டியிலேயே சித்த கண்ணசருறேன்" என்றார் அண்ணன்.

வீட்டுக்குள் கால் வைத்ததுமே புளித்த மாவு போல ஒரு வாடை அடித்தது. கூடத்துச் சுவர் நிறைய ஓவியங்கள். பிலிப்பைன்ஸ் வெல்டர் ஒருவர் கடலை வரைந்திருந்தார். லாரிகளுக்குப் பூவேலை செய்யும் பாகிஸ்தானி ஒருவர் மயில்களை. இன்ஜினியர் எங்களைக் குளியலறைக்குக் கூட்டிப்போய்க் கதவைத் திறந்தார். குளியல் தொட்டிக்குள் நான்கு நீல டிரம்கள். ஒன்றின் மூடியில் செருகிய குழாய் வழியே களுக் களுக் என்று காற்று வந்துகொண்டிருந்தது. பீர். மாதம் ஒரு தடவை காய்ச்சி, காம்பவுண்டில் இருக்கும் நண்பர்களுக்கு விற்பாராம். அதில் வரும் காசில் எங்களுக்குக் கான்வாஸும் வண்ணமும் வாங்குவாராம். ஒவ்வொரு தடவையும் பாட்டிலில் ஒட்டும் லேபிளை எங்களில் ஒருவர் வரைய வேண்டும். இந்தத் தடவை நீ என்றார்.

சாராயம் காய்ச்சிய இடத்தில் பிடிபட்டால் சிறை, கசையடி, அதன் பிறகு ஊருக்கு அனுப்புவது என்று கேம்பில் கேட்டிருந்தேன். ஆனாலும் தலையாட்டினேன். என் வாழ்நாளில் என்னிடம் படம் வேண்டுமென்று கேட்ட முதல் ஆள் அவர்தான். திரும்பும் வழியில் அண்ணன், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். நல்லாயிருந்துச்சு என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை.

தலையில் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு ஆலைச் சாரத்தில் தொங்கும் ஓர் ஆளை வரைந்து கொடுத்தேன். பழக்க தோஷத்தில் கீழே தமிழில் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

அடுத்த மாதம் அதே அண்ணன் வண்டியில் போனபோது, சமையலறை மேடையில் வரிசையாக முப்பது பாட்டில்கள். முப்பதிலும் என் ஆள். முப்பதிலும் என் பெயர். பெருமையாகத்தான் இருந்தது, ஒரு நிமிடம். பிறகுதான் உறைத்தது. யார் கையில் ஒரு பாட்டில் சிக்கினாலும் என்னைத் தேடி வர அது போதும். கையெழுத்தை மட்டும் கிழித்துவிடலாமா என்று கேட்க வாயெடுத்தேன்.

டப்! அடுத்தடுத்து இன்னும் இரண்டு டப். கண்ணாடி தெறித்தது. வெல்டர் மேசைக்கடியில் பாய்ந்தார். நான் தரையில் குப்புறக் கிடந்தேன். சுட்டுவிட்டார்கள், நாங்கள் செத்தோம் என்றே நினைத்தேன். முதுகில் சில்லென்று ஏதோ வழிந்தது. ரத்தமில்லை, பீர். சூட்டில் மூன்று பாட்டில்கள் வெடித்திருந்தன.

எழுந்திருப்பதற்குள் வெளியே பூட்ஸ் சத்தம். இன்ஜினியரின் முகம் சுண்ணாம்பு போல வெளுத்துவிட்டது. உதட்டில் விரல் வைத்தார். திரைச்சீலை இடுக்கில் பார்த்தேன். வாசல் சிப்பாய் ஒருவன் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்தபடி ஓடி வந்தான். வண்டியிலிருந்து அண்ணன் இரு கைகளையும் உயர்த்திக்கொண்டு இறங்கினார். அரபியில் ஏதோ சொன்னார். சிப்பாய் வீட்டைக் காட்டிக் கேட்டான். அண்ணன் "மாஃபி, மாஃபி", ஒன்றுமில்லை என்று தலையசைத்து, வண்டியின் பின்பக்கத்தைக் காட்டினார். அங்கே கிடந்த இரும்புப் பலகைகளில் ஒன்றைத் தூக்கித் தொப்பென்று போட்டார். மறுபடியும் போட்டார். சிப்பாய் வாசல் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். கடைசியில் "கலாஸ், யல்லா", போதும் போ என்று கையை வீசிவிட்டு அவன் நடந்தான்.

நான் வண்டியில் ஏறியதும் அண்ணன் மூக்கைச் சுளித்தார். வீட்டுக் கதவு இடுக்கிலிருந்து வண்டிப் பக்கம் வந்த வாடையிலேயே அவருக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும்.

"சட்டையக் கழட்டு."

"அண்ணே, நான்..."

"பேசாத. கழட்டு. செக்போஸ்டுல மோந்தானுவன்னா ரெண்டு பேரும் போயிருவோம்." இருக்கைக்குப் பின்னாலிருந்து தன் மாற்றுச் சட்டையை எடுத்து எறிந்தார். என் சட்டையைப் பையில் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

வாசல் செக்போஸ்ட் தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டினார்.

"எனக்கு மூணு பொம்பளப் புள்ளைய. உள்ள என்ன நடக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வந்திருப்பனா? இன்னிக்கு ஜும்ஆ தொழுதுட்டு வந்து பொய் சொல்லிருக்கேன், தம்பி."

அழுதேன். அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். ஆனால் அதன் பிறகு எந்த வெள்ளிக்கிழமையும் என்னை வண்டியில் ஏற்றவில்லை. யாரிடமும் இதைச் சொல்லவுமில்லை.

இன்ஜினியர் அன்றே டிரம்களைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டாராம். லேபிள்களை எரித்துவிட்டதாக என்னிடம் சத்தியம் செய்தார். முப்பதையும் எரித்தாரா, ஒன்றாவது யார் வீட்டிலாவது தங்கிவிட்டதா என்று எனக்குத் தெரியாது. ஏழு மாதம் அதே நினைப்புதான். ஃபோர்மேன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே கை பிரஷ்ஷை நழுவவிடும்.

லீவில் ஊருக்குக் கிளம்பியபோது, தம்மாம் விமான நிலையத்தில் அதிகாரி என் பாஸ்போர்ட்டை வாங்கி, பெயரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். முத்திரை குத்தித் தள்ளினார். விமானம் தரையைவிட்டு எழும்பும்வரை நான் பெல்ட்டைப் பிடித்த கையை எடுக்கவில்லை.