சந்தேகத்துக்குரியவர், இருக்கை எண் ஐந்து

என் கையெழுத்தே என்னை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் ஒரு நோட்டில், நீல மையில், நேரம் குறித்து அழகாக எழுதி வைத்துக்கொண்டேன். அதிலிருந்து மாரியம்மன் என்னை மீட்டாள். எப்படி மீட்டாள் என்பதை வெள்ளிக்கிழமை விளக்குப் பூசைக்குக் கூடும் உங்கள் எல்லாருக்கும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். என் புத்தி அன்று எங்கே போயிருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சிலமலை. அப்பா விவசாயி. நான் வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் மேற்படிப்புப் படிக்கிறேன். பாதுகாப்பு, உளவு, குற்றப் புலனாய்வு இவைதான் பாடம். எங்கள் சொந்தத்தில் யாருக்கும் இது பிடிக்கவில்லை. கல்யாண வீட்டில் யாருடைய செருப்பாவது காணாமல் போனால், "எங்கப்பா நம்ம சிபிஐ?" என்று என்னைத் தேடுவார்கள். நான் சிரித்துக்கொள்வேன். உளவுத் துறையில் சேர்ந்து ஒருநாள் இவர்கள் முன்னால் வந்து நிற்க வேண்டும் என்ற வெறி மட்டும் உள்ளே இருந்தது. அந்த வேலைக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. பெயரில் ஒரு வழக்குகூட இருக்கக் கூடாது.

போன ஆடி மாதம் ஆய்வேட்டுக்காக ஊருக்கு வந்தேன். எல்லையோர மலைப்பாதையில் தொழிலாளர் வண்டிகளை எப்படிச் சோதிக்கிறார்கள் என்பது என் தலைப்பு. "முதல்ல எஸ்.பி. ஆபீசுல கடிதம் குடுத்து அனுமதி வாங்கும்மா, அப்புறம் மலை ஏறு" என்று வழிகாட்டிப் பேராசிரியர் சொல்லித்தான் அனுப்பினார். எனக்குப் பொறுமை கிடையாது. சின்ன வயதிலிருந்தே சோறு வேகும் முன்னே தட்டைத் தூக்கிக்கொண்டு உட்காருகிறவள் நான். அனுமதியை அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளலாம் என்று மறுநாள் காலையிலேயே போடியில் ஏலக்காட்டுக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில் ஏறிவிட்டேன்.

அந்த ஜீப்பில் பதினொரு பெண்கள், ஒரு டிரைவர். ஒரு அக்காவுக்குப் பிரசவம் ஆகியிருந்ததால் பின்பக்கம் ஓர் இடம் காலி. டிரைவரிடம் கெஞ்சி அந்த இடத்தை வாங்கிக்கொண்டேன். எட்டு நாள் போய்வந்தேன். அந்தப் பெண்கள் தினமும் ஒரே இடத்தில்தான் உட்காருவார்கள், அதனால் அவர்களுக்கு எண் போட்டேன். இருக்கை ஒன்று, இரண்டு, மூன்று. ஒருவரின் பெயரையும் நான் கேட்கவில்லை. அவர்கள்தான் என்னைக் கேட்டார்கள்.

"என்னத்தா, விடிஞ்சதுலருந்து எழுதிக்கிட்டே வர்ற? எங்கள வச்சுப் படம் கிடம் எடுக்கப் போறியா?" என்றார் எதிரில் இருந்த அக்கா.

"காலேஜ் புராஜெக்ட், அக்கா" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டேன்.

மலை ஏறும் முன் அடிவாரத்தில் ஒரு சின்ன மாரியம்மன் கோயில் இருக்கிறது. எல்லா ஜீப்பும் அங்கே நிற்கும். டிரைவர் சூடம் கொளுத்துவார். எல்லாரும் இறங்கிக் கும்பிட்டுத் திருநீறு பூசிக்கொண்டு ஏறுவார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறவர்கள், கும்பிடாமல் ஏற மாட்டார்கள். நான் மட்டும் இறங்கவில்லை. பிறந்ததிலிருந்து அம்மா என்னை மாரியம்மன் பெயர் சொல்லித்தான் வளர்த்தாள். பல்கலைக்கழகம் போனதும் அதெல்லாம் எனக்கு நேரத்தை வீணாக்குவதாகப் பட்டது. ஜீப்பிலேயே உட்கார்ந்து எழுதுவேன்.

ஒன்பதாவது நாள், செவ்வாய்க்கிழமை. சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தினார்கள். எந்தச் சாவடி என்று சொல்லப்போவதில்லை, அன்று இருந்தவர்கள் இன்று அங்கே இல்லை. வழக்கமாகக் கையை ஆட்டி அனுப்பிவிடுகிறவர்கள், அன்று ஏதோ தகவல் வந்து எல்லாரையும் இறக்கினார்கள். என் இருக்கைக்கு அடியில் ஒரு சாக்குப் பை. உள்ளே கஞ்சாப் பொட்டலங்கள்.

"அது அந்தப் பொண்ணு எடம் சார். புதுசா வர்ற பொண்ணு" என்றார் டிரைவர்.

என் தோள்பையைத் திறந்தார்கள். நோட்டு வந்தது. முதல் பக்கத்தை ஒரு காவலர் சத்தமாகப் படித்தார்: "காலை 6.40 முதல் 6.55 வரை சாவடியில் ஒருவரே இருக்கிறார். தொழிலாளர் ஜீப்பில் பின் இருக்கைக்கு அடியில் பார்ப்பதில்லை. பொருளை மறைக்க ஏற்ற இடம்."

அவர் என்னைப் பார்த்தார். ஆய்வுக்காக எழுதியது என்று நான் சொன்னபோது எனக்கே அது பொய் போலக் கேட்டது.

எல்லாரையும் மலையிலிருந்து கீழே போடி ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். அந்தப் பெண்கள் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். அன்றைய கூலி போனதில் எல்லார் முகத்திலும் எரிச்சல். என்னை உள்ளே ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள், பக்கத்தில் ஒரு பெண் காவலர். அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்றார் இன்ஸ்பெக்டர். இல்லை. பேராசிரியருக்குப் போன் போட்டேன், அணைத்து வைத்திருந்தார். மறுபடி போட்டேன். பதினேழு முறை போட்டேன்.

படிக்காதவளாக இருந்திருந்தால் அழுதுவிட்டு ஓய்ந்திருப்பேன். நான் படித்தவள். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எத்தனை வருடம், ஜாமீன் எவ்வளவு கஷ்டம், எல்லாம் எனக்கு மனப்பாடம். தேர்வில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கிய விஷயம், அந்தப் பெஞ்சில் ஒவ்வொரு வரியாக ஞாபகம் வந்தது. உட்கார முடியவில்லை. எழுந்தால் உட்காரச் சொன்னார்கள்.

பத்து மணிக்கு அப்பா வந்தார். அவர் சட்டைப் பித்தான் மாறிப் போட்டிருந்தது. அம்மா கொடுத்துவிட்ட திருநீற்றுப் பொட்டலத்தை என் கையில் வைத்தார். "பயப்படாத ஆத்தா. நீ செஞ்சிருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்" என்றார். அவருக்குத் தெரிந்து என்ன பயன் என்று எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் அவர் வாசலில் போய்த் தரையில் உட்கார்ந்ததைப் பார்த்தேன். அப்போதுதான் நெஞ்சு உடைந்தது.

திருநீற்றைப் பூசிக்கொண்டேன். ஆத்தா, பார்த்தவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் வாயைத் திற. சித்திரையில் உனக்கு அக்கினிச்சட்டி எடுக்கிறேன். இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். ஜன்னல் வழியாக மரத்தடி தெரிந்தது. டிரைவர் அந்தப் பெண்களிடம் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நாளைக்கும் அவர் ஜீப்பில்தானே அவர்கள் மலை ஏற வேண்டும்!

இன்ஸ்பெக்டர் நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பெண்களைப் பற்றி எழுதிய பக்கம் ஒன்று பின்னால் இருந்தது. அதை மட்டும் அவர் படிக்கக் கூடாது தாயே, படித்து அவர்கள் காதில் விழுந்தால் எனக்காக ஒருத்தியும் வாயைத் திறக்க மாட்டாள் என்று வேண்டினேன். உடம்பெல்லாம் வேர்க்க வேண்டினேன்.

அவர் அந்தப் பக்கத்துக்குத்தான் வந்தார். புருவத்தை உயர்த்தினார். டிரைவரையும் பெண்களையும் உள்ளே கூப்பிட்டார்.

"இந்தப் பிள்ளை உங்களப் பத்தி என்ன எழுதியிருக்குன்னு கேளுங்க" என்று வாசித்தார். "இருக்கை எண் ஐந்து. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண். மற்றவர்கள் கும்பிடும்போது இவர் கண்ணை மூடுவதில்லை. வண்டியையே நோட்டமிடுகிறார். சந்தேகத்துக்குரியவர்."

பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. இத்தனை நேரம் கும்பிட்டும் ஆத்தா கைவிட்டுவிட்டாளே என்று நினைத்தேன்.

"யாரு அந்த அஞ்சு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

எல்லாரும் ஒரு அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். படம் எடுக்கப் போறியா என்று கேட்டாரே, அவர்தான். பேச்சியம்மாள் என்பது அவர் பெயர் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"என்னையவா? என்னையவா சந்தேகம்னு எழுதுன?" என்று என் மேல் பாய்ந்தார். "ஆமா, கண்ண மூட மாட்டேன். போன வருசம் கும்புட்டுத் திரும்புறதுக்குள்ள என் தூக்குவாளிய எவனோ சோத்தோட தூக்கிட்டுப் போயிட்டான். அன்னைக்குப் பூரா பட்டினி. அன்னையிலருந்து ஆத்தா மேல ஒரு கண்ணு, வாளி மேல ஒரு கண்ணு. அது குத்தமா?"

பெண் காவலர் சிரித்துவிட்டார். இன்ஸ்பெக்டரும் சிரித்தார். அப்புறம் சட்டென்று சிரிப்பை நிறுத்தினார்.

"அப்ப இன்னைக்கும் கண்ணத் தொறந்துதானம்மா வச்சிருந்த?"

பேச்சியம்மாள் அக்கா டிரைவரைப் பார்த்தார். டிரைவர் சுவரைப் பார்த்தார்.

"வச்சிருந்தேன்" என்றார் அக்கா. "இவரு மச்சினன் பைக்குல வந்து நின்னான். சாக்குப் பைய இந்தப் புள்ள காலுக்கு அடியில தள்ளிவிட்டுட்டு வெரசாப் போயிட்டான். உரமோ என்னமோன்னு இருந்துட்டேன். இது குனிஞ்சு எழுதிக்கிட்டே கால நகட்டிக்கூடக் குடுத்துச்சு, சார்."

காலை நகர்த்திக் கொடுத்தேனாம்! எனக்கு நினைவே இல்லை. உளவுத் துறைக்குப் போகப் பிறந்தவள், என் காலடியில் கஞ்சா வைப்பதற்கு நானே இடம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறேன்.

அடிவாரத்துக் கடை ஒன்றின் கேமராவில் அந்த ஆளும் பைக்கும் பதிவாகியிருந்தன. மத்தியானத்துக்குள் அவனைப் பிடித்துவிட்டார்கள். அவனும் ஒத்துக்கொண்டான். டிரைவருக்கு அதில் பங்கில்லை என்று சொல்லிவிட்டான். நான்கு மணிக்கு என்னிடம் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, "அனுமதி இல்லாம இனிமே எங்கயும் போய் எழுதாத" என்று திட்டி அனுப்பினார் இன்ஸ்பெக்டர். அப்பாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து சிலமலை வரைக்கும் அழுதேன். படிக்கக் கூடாது என்று நான் வேண்டிய பக்கம்தான் என்னைக் காப்பாற்றியது. எனக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்குத் தெரிந்தது.

இத்தோடு முடித்துக்கொண்டால் நல்ல சாட்சிதான். மனசு ஒப்பவில்லை.

பத்து நாள் கழித்து, பழமும் புடவையும் வாங்கிக்கொண்டு பேச்சியம்மாள் அக்கா வீட்டுக்குப் போனேன். ஏலக்காய் எடுப்பு மும்முரமாக நடக்கும் மாதத்தில் அவர் வீட்டில் இருந்தார். "ஜீப்புல ஏத்த மாட்டேன்னுட்டாரு. மத்த டிரைவர்மாரும் அப்பிடித்தான். போலீசுக்குச் சொல்றவன்னு பேராயிருச்சு" என்றார். அழவும் இல்லை, என்னைத் திட்டவும் இல்லை.

"எனக்காக ஏன்க்கா சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"ஒனக்காகவா? யாரு சொன்னா? டிரைவர் சும்மா இருக்கச் சொன்னாரு, நானும் சும்மாதான் இருந்திருப்பேன். சந்தேகம்னு எழுதிட்டியேங்குற கோவத்துல வாயத் தொறந்தேன். தொறந்த வாய பாதியில மூட முடியல."

புடவையை வாங்கிக்கொண்டார். எனக்குத்தான் அங்கே உட்கார முடியவில்லை.

மறுநாளிலிருந்து விடியற்காலையில் அவரோடு ஜீப்பு நிற்கும் இடத்துக்குப் போனேன். "எதுக்குத்தா நீ?" என்று விரட்டினார். போனேன். ஒவ்வொரு டிரைவரிடமும் கேட்டேன். கையை விரித்தார்கள். அங்கேயே நின்று வேண்டினேன். முதல் வேண்டுதலுக்கு ஒரே நாளில் பதில் சொன்னவள், இதற்கு வாயே திறக்கவில்லை. இருபத்து மூன்றாம் நாள், தூரத்து எஸ்டேட் ஒன்றில் பழுத்த காய் உதிர ஆரம்பித்து, ஆள் பற்றவில்லை என்று ஒரு புது ஜீப்பு வந்தது. அக்கா ஏறிக்கொண்டார். எனக்குக் கையசைக்கக்கூட அவருக்கு நேரமில்லை, இடம் பிடிப்பதில் குறியாக இருந்தார். காய் உதிர்ந்ததால் வேலை கிடைத்ததா, ஆத்தா கொடுத்தாளா என்று அம்மாவிடம் கேட்டேன். "ரெண்டும் வேற வேறயா?" என்றாள் அம்மா.

அப்புறம் முறையாக அனுமதி வாங்கினேன். ஆய்வுத் தலைப்பை மாற்றிக்கொண்டேன். பார்த்தவர்கள் ஏன் பேசுவதில்லை, பேசினால் அவர்களுக்கு என்ன ஆகிறது என்பதுதான் இப்போது என் ஆய்வு. அதில் எண்கள் இல்லை, அவரவர் சம்மதித்த பெயர்கள்தான். சித்திரையில் சட்டியும் எடுத்தேன். கை பொறுக்காத சூடு. நேர்ந்தபடி கோயிலைச் சுற்றி வந்தேன்.

அன்புள்ளவர்களே, கஷ்டம் வந்தால் அவளிடம் போங்கள். கேளுங்கள். நிச்சயம் கேட்பாள், அதற்கு நானே சாட்சி. கேட்டது கிடைத்ததும் பொங்கல் வைக்க ஓடாதீர்கள். யார் கை வழியாகக் கொடுத்தாள் என்று விசாரியுங்கள். அந்தக் கை இப்போது எப்படி இருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.

எனக்கு ஒரே நாளில் கொடுத்தாயே, எனக்குக் கொடுத்தவளை ஏன் தாயே இத்தனை நாள் தெருவில் நிறுத்தினாய்? ஒவ்வொரு வெள்ளியும் விளக்கேற்றிவிட்டு இதைத்தான் அவளிடம் கேட்கிறேன். இதுவரை பதில் வரவில்லை. நான் வருவதை நிறுத்தவும் இல்லை. கேட்க ஏதாவது இருக்கிறவர்கள் வாருங்கள், பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்தே கேட்போம்.

செ. வனிதா, சிலமலை